யாளி நாவலும் பீன்ஸ் நறுக்கும் செல்வியும்

இரண்டு வருடமாக ஒரே நாவலை எல்லோரிடமும் நீட்டி அலுத்துவிட்டேன். உப்பளத்தில் யாருக்கும் தெரியாமல் யாளிக்குட்டி வளர்க்கும் பதினைந்து வயதுப் பெண்ணின் கதை. "சின்னப் பசங்க புக்கா?" என்று கேட்டு வாங்கிப்போவார்கள். யாரும் பிரிப்பதில்லை.

சாயங்கால லோக்கல் ரயிலில் எதிரே உட்கார்ந்து இரவுச் சமையலுக்கு பீன்ஸ் நறுக்கும் செல்விக்கும் போன மாதம் கொடுத்திருந்தேன். தாராவியில் பிறந்து மான்குர்தில் வாழ்க்கைப்பட்டவள்.

இன்று திருப்பித் தந்தாள். "கதை சூப்பர்க்கா."

"எந்த இடம் பிடிச்சுது?"

கத்தி நின்றது.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுக்கா. ஹிந்தி மீடியம்லா. நீங்க ஆசையாத் தந்தீய, வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

கோபப்படக்கூடத் தெம்பில்லை. நானே முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த இரண்டு தமிழ்ப் பெண்களும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

நான் இறங்க வேண்டிய செம்பூர் போனதே தெரியவில்லை. மான்குர்தில் இறங்கும்போது செல்வி கேட்டாள்: "அந்தக் குட்டிய அவ அப்பன் கண்டுபிடிச்சிருவானா? நாளைக்குச் சொல்லிரணும், என்னா?"

திரும்பி வரும் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். இன்னும் முப்பத்தோரு அத்தியாயம் இருக்கிறது.

என்னிடம் வாங்கிப்போய் அலமாரியில் வைத்திருக்கும் நண்பர்களே, தொண்டைக்கட்டுக்கு ஒரு நல்ல கஷாயமாவது சொல்லுங்கள்.