அட்டை என்று நினைத்த நாட்கள்

எண்பதுகளில் நாகலூரில் ஒரு காப்பி எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே கணக்கு எழுதும் ரைட்டர். நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் இல்லை. ஒரு நாட்டு நாய் இருந்தாள். சாயங்கால பஸ் வளைவில் ஹாரன் அடித்ததும் ஓடிப்போய் ரோட்டோரம் சில்வர் ஓக் மரத்தடியில் நிற்பாள். நான் இறங்கியதும் டிபன் பையை மோந்து பார்ப்பாள். மிச்சம் வைக்காமல் வந்தால் வீடு வரை முறைத்துக்கொண்டே வருவாள்.

ஒரு ஆடி மழையில் அவள் வரவில்லை. மறுநாள் பாதி வழி வந்து உட்கார்ந்துகொண்டாள். “மழைக்குச் சோம்பல் புடிச்சிருச்சு, உடு” என்றார் வீட்டுக்காரர். எனக்குக் கோபம்கூட வந்தது. மகாராணி நனைய மாட்டாளாக்கும் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு ஏறினேன்.

ஐந்தாறு நாள் கழித்து அவள் மூக்கில் ரத்தம் வந்தது. மழைக்காலத்தில் நாய்க்கு மூக்கில் ரத்தம் என்றால் எங்கள் மலையில் யாரும் யோசிப்பதில்லை, அட்டைதான். புல்லை மோந்து திரியும்போது உள்ளே ஏறிவிடும். காப்பி பறிக்கப் போகும் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க டீச்சர், அட்டைதானுங்க. நொம்ப பயப்படாதீங்க. குண்டாவுல தண்ணி வெச்சு மூஞ்சியக் காட்டுங்க, அதுவா வெளிய வந்துரும்.”

போன வருஷம் அப்படி வெளியே தலைகாட்டிய ஒன்றை நானே பிடித்து இழுத்துவிட்டு, ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் பெருமையடித்திருந்தேன். அதே திமிரோடு தண்ணீர் வைத்தேன். உப்புத் தண்ணீரை மூக்கில் விட்டேன். அவள் தும்மினாள், அப்புறம் என் கையை நக்கினாள். மறுநாள் ரத்தம் நின்றது. அட்டை விழுந்துவிட்டது என்று நானாக முடிவு கட்டினேன். அவள் சோற்றைத் தொடாமல் சிமெண்டுத் தரையில் ஒட்டிப் படுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்குப் போனேன்.

நாலாம் நாள் மறுபடி ரத்தம். எஸ்டேட் ஜீப்பில் ஏற்காடு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் அவள் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். சோறு மாதிரி வெளுத்திருந்தது. காதை மடக்கி, உள்ளே ஒட்டியிருந்த உண்ணிகளைக் காட்டினார். உண்ணி எந்த நாய்க்குத்தான் இல்லை என்று நாங்கள் விட்டுவைத்தவை.

“உண்ணிக் காய்ச்சலுங்க. ரத்தம் நொம்பக் கொறஞ்சு போச்சு. எப்ப இருந்து சரியில்லீங்க?”

“மூக்குல ரத்தம் வந்து நாலு நாளுங்க” என்றேன்.

“அதுக்கு முன்னால நல்லா இருந்துச்சுங்களா?”

மரத்தடி காலியாகக் கிடந்த அந்த முதல் சாயங்காலம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பத்து நாள் ஆகியிருந்தது. அவள் அன்றைக்கே சொல்லியிருக்கிறாள்.

ஊசி போட்டு அனுப்பினார். நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வளைவில் ஹாரன் கேட்டது. என் மடியில் கிடந்தவள் தலையைத் தூக்கினாள். கால் தள்ளாட எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? டிபன் பையை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினேன். வீட்டைச் சுற்றிவந்து, அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியவள் போல வாசலில் நின்றேன்.

அவள் கடைசிப் படி வரை வந்திருந்தாள். பையை மோந்தாள். வாலை ஒரு தரம் ஆட்டிவிட்டு அங்கேயே படுத்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஓடிய அவசரத்தில் அந்தப் பையில் ஒரு வாய் சோறு எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை.