எங்கட மட்டைக்காரர் படுத்த கோடை

பேஸ்போல் குழுவுக்கு மனேஜர் எண்டால் மட்டையும் தண்ணிப் போத்தலும் காவுறவன் எண்டுதான் நானும் நினைச்சன். உண்மையில அது காயக்காரரைக் கட்டி மேய்க்கிற உத்தியோகம். குழு நடத்திப் பாத்தவையளே, உங்களுக்குத்தான் இந்த வயித்தெரிச்சல் விளங்கும்.

எண்பதுகளில சுவிஸில ஷ்லீரன் எண்ட ஊரில, தொழிற்சாலையில என்னோட வேலை செய்த ஹான்ஸ் எண்ட சுவிஸ்காரன்தான் பயிற்சியாளர். தொழிற்சாலைக்குப் பின்னால எங்கட தமிழ்ப் பெடியள் கிரிக்கெட் அடிக்கிறதைப் பாத்து, சிவத்தையும் அருளப்புவையும் குழுவில சேர்த்தான். அவையின்ர டொச் பாசை, அதுதான் ஜெர்மன், தெரிஞ்ச பாவத்துக்கு என்னை மனேஜராக்கினான். பெடியள் ரெண்டு பேரும் அடிச்சால் பந்து ரயில் பாதைக்கு அங்கால போகும். ஆனால் இந்தமுறை போட்டித் தொடரில கடைசியா வந்தால் மைதானத்தை உதைபந்தாட்டக்காரருக்குக் குடுத்திடுவம் எண்டு நகரசபை சொல்லிப்போட்டுது. மைதானம் போனால் குழுவும் இல்லை.

கையுறை

பேஸ்போலில பந்து பிடிக்க எல்லாருக்கும் தோல் கையுறை இருக்கு. சிவம் அதைக் கழட்டிப் புல்லில எறிஞ்சுபோட்டு, உயர வந்த பந்தை வெறுங்கையால பிடிச்சான். பிடியெல்லாம் நல்ல பிடிதான், விரல்தான் முறிஞ்சுது. "ஏனடா கழட்டினனி?" எண்டு கேட்டால் சொல்லுறான்: "விக்கெட் கீப்பரைத் தவிர ஆரண்ணை கிளவுஸ் போடுறது, வெக்கமெல்லே?"

பிளாஸ்டர்

டொக்டர் போட்ட பிளாஸ்டரோட கொஞ்சநாள் பொறுத்திருந்தால் கடைசி ஆட்டங்களுக்காவது வந்திருப்பான். சொன்னால் கேட்டால்தானே! ரெஸ்டோரண்டில கோப்பை கழுவுற வேலை போயிடும் எண்ட பயத்தில, தானே கத்தியால வெட்டிக் கழட்டிப்போட்டான். எலும்பு விலகி, அந்தக் கோடை முழுக்க மட்டை பிடிக்கேலாமல் போச்சு. நாங்களும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத் தோத்தம்.

வந்த கோவத்துக்கு அறைஞ்சிருப்பன், முகத்தைப் பாக்கப் பாவமாக் கிடந்தது. "விளையாட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானண்ணை, கோப்பை ஒவ்வொரு நாளும் எல்லோ வரும்" எண்டான்.

கிடாரம்

மிஞ்சின ஒரே நம்பிக்கை அருளப்பு. கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள் ஊஸ்டர் எண்ட ஊரில ஒரு பிள்ளையின்ர ஞானஸ்நான விருந்து. சமையல் எங்கட ஆக்கள்தான். ஆள் கூப்பிடாமல் இறைச்சிக்கறிக் கிடாரத்தைத் தனியத் தூக்கினவனுக்கு இடுப்புப் பிடிச்சுப்போட்டுது. நான் போகேக்க, மண்டபத்துத் தரையில குப்புறக் கிடந்தான். ஆரோ தைலம் தடவிக்கொண்டிருந்தினம். "நாளைக்கு ஆட்டமெண்டு தெரியாதோ?" எண்டு கத்தினன். தலையைத் தூக்காமலே சொன்னான்: "கறி ஒரு சொட்டும் சிந்தேல்லை அண்ணை."

கடைசி ஆட்டம்

வேற ஆளில்லாமல் ஹான்ஸ் மட்டையை என்ர கையில தந்தான். தோத்தால் நாங்கள்தான் கடைசி. கடைசி இன்னிங்ஸ், ஓட்டம் சமன், ஓடிப்போய் நிக்கிற மூண்டு பேஸிலயும் எங்கட ஆக்கள். முதல் பந்தே வந்து முழங்காலில விழுந்துது, கண்ணுக்குள்ள பூச்சி பறந்தது. கிரிக்கெட் புத்தி எங்க போகும்? காலில பட்டால் எல்.பி.டபிள்யூ, அவுட் எண்டு நினைச்சு, நடுவர் கை தூக்க முதலே மட்டையைக் கக்கத்தில வைச்சுக்கொண்டு மரியாதையா வெளியில நடந்தன்.

பேஸ்போலில பந்து உடம்பில பட்டால் முதல் பேஸுக்குச் சும்மா போகலாம். மற்றவையும் ஒவ்வொரு பேஸ் தள்ளிப் போக, மூண்டாம் பேஸில நிண்டவன் சுத்தி முடிச்சு வந்திடுவான், எங்களுக்கு வெற்றி ஓட்டம். நான் போகாட்டில் அதுவும் இல்லை. ஹான்ஸ் பாய்ஞ்சு வந்து சட்டையில பிடிச்சுத் திருப்பிவிட்டு டொச்சில கத்தினான்: "சாகிறதெண்டால் முதல் பேஸில போய்ச் சாவு!"

நொண்டி நொண்டிப் போய்ச் சேர்ந்தன், மைதானமும் தப்பிச்சுது; அந்தக் கோடை எங்கட குழுவுக்குப் பட்ட காயங்களில பிரயோசனப்பட்டது என்ர முழங்கால் ஒண்டுதான்.