சைனுக்கு ஸ்டெல்லா கண்ட விடை

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நான் முருங்கைக்காய் நறுக்க, எதிரே என் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சைன் எக்ஸின் வகைக்கெழுவை எல்லை முறையில் கண்டுபிடிக்க வேண்டுமாம். சும்மா இருக்க மாட்டாமல் அவள் போனை எட்டிப் பார்த்தேன். கால்குலேட்டரில் சைன் ஒன்று: 0.01745. கத்தி அப்படியே நின்றுவிட்டது.

"இந்த நம்பர் எப்படிடி வந்தது?"

"டிகிரில இருக்கும்மா. ரேடியனுக்கு மாத்தலைன்னா இப்படித்தான் வரும். சின்ன விஷயம்."

சின்ன விஷயமாம். அது ஸ்டெல்லாவின் நம்பர்.

மயிலாப்பூரில் பிளஸ் ஒன் படித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஸ்டெல்லா. வீடு சாந்தோமில், சர்ச்சுக்குப் பின்னால். அவளுடைய லாகரிதம் புத்தகம் ஒரு மழையில் தொப்பலாக நனைந்துவிட, அவள் அம்மா பக்கத்துக்குப் பக்கம் பவுடர் தூவிக் காயவைத்துவிட்டார். அதன் பிறகு அதைத் திறந்தாலே முன் பெஞ்சு வரை பவுடர் மணக்கும். லாகரிதத்தில் எனக்கு இன்றுவரை நன்றாகத் தெரிந்தது அந்த வாசனை ஒன்றுதான்.

அந்த வருஷம்தான் மிஸ் இந்தக் கணக்கைப் போர்டில் போட்டார். என்னென்னவோ சுருக்கி, கடைசியில் சைன் எச்சை எச்சால் வகுப்பதில் வந்து நின்றது. எச் பூஜ்ஜியத்தை நெருங்கினால் இது ஒன்று என்றார் மிஸ். சொன்னதை எழுதிக்கொள்கிற கூட்டம் நாங்கள், எழுதிக்கொண்டோம். ஸ்டெல்லா மட்டும் பவுடர் மணக்க லாகரிதம் புத்தகத்தில் சைன் அட்டவணையைத் திறந்தாள். ஒரு டிகிரிக்கு சைன் 0.0175. ஒன்றால் வகுத்தாலும் அதேதான். அரை டிகிரிக்குப் பார்த்து அரையால் வகுத்தாள், ஏறக்குறைய அதே.

"மிஸ், ஒண்ணு வரல மிஸ்."

"புக்ல இருக்கறத எழுதும்மா."

லாகரிதமும் புக்தானே, பாவம். கோணத்தை ரேடியனில் அளந்தால்தான் ஒன்று வரும் என்ற பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. முழுப் பரீட்சையில் அதே கணக்கு வந்தது. ஒன்று என்று எழுத வேண்டிய இடத்தில் அவள் 0.0175 எழுதினாள்.

"கண்ணால பாத்தத எழுதிட்டு வந்துக்கீறேன்," என்றாள் வெளியே வந்து. "பாக்காதத எப்படிடி எழுதுறது?"

அந்த மார்க் போய், கணக்கில் ஃபெயில். எங்கள் பள்ளியில் ஃபெயிலானவர்கள் காமர்ஸுக்குப் போக வேண்டும், இல்லை டி.சி. வாங்க வேண்டும். பாலம் கட்டுகிற இன்ஜினியர் ஆகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவளின் இடம் ஜூன் மாதம் காலியாக இருந்தது. எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு அதிர்ச்சி.

"சமத்தா புக்ல இருக்கறதை எழுதிண்டு வரப்படாதோ அந்தப் பொண்ணு," என்றாள் என் அம்மா.

கோணத்தை டிகிரியில் அளந்தால் அவள் விடைதான் சரி என்று இத்தனை வருஷம் கழித்து என் மகள் போகிற போக்கில் சொல்கிறாள். ஸ்டெல்லா தப்பே செய்யவில்லை. முருங்கைக்காயை அப்படியே போட்டுவிட்டு ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்கெல்லாம் இப்போது அவள் பொறுப்பில்.

"ஸ்டெல்லா, உன் 0.0175 சரிடி."

"எதுக்குடி அந்த ரேட்டு? ஜி.எஸ்.டி.லயா?"

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"மிஸ்ஸையே எதிர்த்துப் பேசினேனா? நானா?" என்று சிரித்தாள். "வேற யாரையோ நெனச்சிக்கினு பேசுற நீ."