பிலோமினா தொட்ட வண்டிகள்

பிலோமினா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் திருவெள்ளறையில் விவசாயம் பார்க்கும் அவளுடைய வாடிக்கையாளர் ஒருவர். காலையில் போன் செய்து, "பிலோ மேடம் தவறிட்டாங்க, மாரடைப்பாம்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இனிமே எங்க வண்டிய யாருங்க பாப்பாங்க?" என்று கேட்டார். அதே வேலையைச் செய்கிற என்னிடமே கேட்டார். அழுகை வந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது.

அவளிடம் வண்டி கொடுத்துப் பழகிய நீங்கள் அவளைப் பற்றி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதினால் அவளே சிரிப்பாள். அவள் என்றே இருக்கட்டும்.

நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் மின்பிரிவுப் பொறியாளர்கள். ஓய்வுபெற்ற பிறகு, வேனுக்குள் படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்கு வயரிங் செய்துகொடுக்க ஆரம்பித்தோம். அவள் பாலக்கரையில், நான் துறையூர் சாலையில். அந்த வேன்களில் ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் தனியாக ஒரு பேட்டரி உண்டு. வண்டி ஓடும்போது இஞ்சினிலிருந்தும், நிற்கும்போது கூரையிலுள்ள சோலார் பேனலிலிருந்தும் அது சார்ஜ் ஆக வேண்டும். ஆகாவிட்டால் எங்களிடம் வருவார்கள். பெரும்பாலும் அவளிடம்.

ஸ்ரீரங்கத்து ரங்கநாயகி மாமியின் வண்டி முதலில் என்னிடம்தான் வந்தது. மாமாவின் இன்சுலின் ஃபிரிட்ஜில் இருந்தது. வழியில் ஃபிரிட்ஜ் நின்றுவிட, மருந்து கெட்டு, திவ்யதேச யாத்திரையைப் பாதியில் விட்டுத் திரும்பியிருந்தார்கள். நான் சார்ஜரில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். வோல்டேஜ் சரியாக வந்தது. அப்படியானால் பேட்டரிதான் போய்விட்டது என்று புதிதாக மாற்றினேன். அடுத்த பயணத்தில் அதுவும் இறங்கிப்போனது.

மாமி பிலோவை அழைத்தாள். என் ஷெட்டிலேயே, என் கண்ணெதிரிலேயே வண்டியைப் பார்த்தாள் பிலோ. இஞ்சினை ஓடவிட்டு, ஃபிரிட்ஜையும் மின்விசிறியையும் போடச் சொன்னாள். "சும்மா இருக்கும்போது எல்லாக் கனெக்‌ஷனும் நல்லதாத்தான் தெரியும், வசந்தி. வேலை குடுத்துப் பாக்கணும்." மீட்டரைச் சார்ஜரில் வைக்காமல் பேட்டரியிலேயே வைத்தாள். சார்ஜர் கொடுத்தது முழுதாக அங்கே வந்து சேரவில்லை. பிறகு ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை வண்டியின் உடம்பிலும் வைத்தாள். எதுவும் காட்டக் கூடாத இடத்தில் மீட்டர் வோல்டேஜ் காட்டியது. பேட்டரியை வண்டியின் உடம்போடு சேர்க்கும் எர்த் வயரை, மின்சாரத்தைச் சரியாக விடாத பெயிண்டின் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். பெயிண்டைச் சுரண்டி மறுபடி முறுக்கினாள், அவ்வளவுதான்.

"பெருமாளாப் பார்த்து உங்களை அனுப்பிச்சிருக்கார்" என்று மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிலோ, "வசந்தி சார்ஜர் வரைக்கும் பாத்து வச்சுட்டாங்க மாமி. அதனாலதான் எனக்குச் சுலபமாப் போச்சு" என்றாள். அவள் தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காகப் பரிந்து பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரே ஒருமுறை நான் ஜெயித்தேன். உப்பிலியபுரத்து ஆசிரியர் ஒருவரின் வேனில் சோலார் சார்ஜ் ஏறவில்லை. பிலோ உள்ளே பலகைகளைக் கழற்றி வயர் வயராகச் சோதித்துக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்கப் போன நான் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினேன். புதிதாக வாங்கிய சாமான் பெட்டியை ஆசிரியர் பேனலை ஒட்டிக் கட்டியிருந்தார். அதன் நிழல் பேனலின் ஓரத்தில் பட்டையாக விழுந்திருந்தது. ஓரம் மறைந்தாலே முழுப் பேனலும் படுத்துவிடும். பெட்டியை நகர்த்தியதும் கீழே மீட்டர் ஏறியது.

அவள் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க அவசரமாக இறங்கினேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் தரையில படுத்துத் தேடுறேன், இவ மேல ஏறிக் கண்டுபிடிச்சுட்டா!" அதை ஊரெல்லாம் சொன்னாள். அவள் சொன்ன அழகில், கேட்டவர்களுக்கெல்லாம் அவள்மேல்தான் பிரியம் கூடியது. என் வெற்றியும் அவள் கதையாகிவிட்டது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் மாமி மாமாவைத் தாங்கிப் பிடித்தபடி நின்று விம்மினாள். நான் போனால் இப்படி அழ யார் இருக்கிறார்கள் என்று எண்ணினேன். அங்கேயும் அதுதான் தோன்றியது.

போன வாரம் துறையூரிலிருந்து ஒரு வேன் வந்தது. பேட்டரி கொஞ்சம் ஏறும், சட்டென்று நிற்கும். வண்டி குலுங்கும்போதுதான் அப்படி ஆகிறது என்று கவனித்து, ஃபியூஸ் பிடிப்பானில் தளர்ந்து கருகியிருந்த முனையைக் கண்டுபிடித்தேன். நல்ல வேலை. உரிமையாளர் பாராட்டினார். அது எனக்குப் போதவில்லை. பாலக்கரைக்குப் போன் போட்டு, "நீயா இருந்தா கண்டுபிடிச்சிருப்பியாடி?" என்று கேட்க வேண்டும்போல் இருந்தது.

அவள் விட்டுப்போனதில் என் பங்குக்கு இருப்பது இந்தப் பொறாமைதான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.