ஹெக்டரின் அம்புக்குக் கோபம் பழக்கிய கதை

மட்டக்களப்பில் கோபமே வராத மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் ஹெக்டர் முதலாம் இடத்தை வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டு, இரண்டாம் இடத்தில் நின்று கை தட்டுவார். புளியந்தீவில் வீட்டு முன்னறையிலிருந்து பொய்ப்பல் செய்கிறவர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். பல் வைத்தியர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள்; ஹெக்டர் மெழுகில் பல்லடுக்கி, தேய்த்து, மினுக்கி, ஒரு சிரிப்பாக்கித் திருப்பி அனுப்புவார். சந்தையில் மீன்காரர் பழுதான மீனை அவர் பையில் போடும்போது அது அவருக்குத் தெரியும். "அந்த மனுசன் விடிய எழும்பி வந்தவர், பாவம்" என்று சொல்லி வாங்கி வருவார். வாசலில் படுத்திருக்கும் தெருநாயைத் தாண்டிப் போகும்போது அதனிடம் மன்னிப்புக் கேட்டு "சொறி" சொன்னதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

இந்த மனிதருக்குப் பிடித்த ஒரே இசை, கோபத்தில் கத்துவது போலவே ஒலிக்கும் ஹெவி மெட்டல்.

நான் ரதீஸ். ஹெக்டரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கல்யாண வீடுகளுக்குப் போகும் எங்கள் இசைக்குழுவில் நான் ட்ரம்ஸ், அவர் கிற்றார். பதினாறு வயதில் யாரோ கொடுத்த ஒரு கசெற்றில் அவருக்கு இந்தப் பித்துப் பிடித்தது. அப்போது ஊரில் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் கசெற் பிளேயரைக் கொழுவி, பெடலைக் கையால் சுற்றிக் கேட்போம். சுற்றுவது நான், கேட்பது அவர். என் கை வேகத்துக்கு ஏற்றபடி அந்தப் பாட்டுகள் ஓடும், நடக்கும், படுத்துவிடும். அவற்றின் உண்மையான வேகம் எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தச் சத்தம் தன் கிற்றாரிலிருந்தும் வர வேண்டும் என்பதுதான் ஹெக்டரின் வாழ்நாள் ஆசை. ஆனால் வீட்டில் இருந்த அம்ப், அதாவது கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, அதற்குச் சம்மதிக்கவில்லை.

அது ஒரு வால்வு அம்ப். ஹோட்டல் இசைக்குழு ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த அவருடைய மாமா, அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. பழைய ரேடியோக்களுக்குள் போல இதற்குள்ளும் கண்ணாடிக் குழல்கள் செந்நிறமாய் எரியும். தூக்க இரண்டு பேர் வேண்டும். அதன் சத்தம் எருமைத் தயிரில் கித்துள் பாணி ஊற்றியது போல இனிப்பாக இருக்கும். கல்யாண வீட்டில் பைலா வாசித்தால் கிழவர்கள்கூட எழும்பி ஆடுவார்கள். "என்ன இனிமையான சத்தம்!" என்று எல்லோரும் வந்து அதன் தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். ஹெக்டர் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வயரைச் சுருட்டுவார்.

"ஹெவி மெட்டலுக்கெண்டே புது அம்ப் விக்கிறாங்களே, அதில ஒண்டை வாங்கன்" என்றேன் ஒரு நாள்.

"வீட்டில ஒண்டு இரிக்கேக்க எதுக்கு இன்னொண்டு? இது நல்ல பிள்ளையா வளந்திட்டு, ரதீஸ். கோபப்படத் தெரியா. நான் பழக்கிறன்."

"உனக்கு ஆர் பழக்கிறது?" என்று கேட்டேன். சிரித்தார். கோபப்பட்டிருக்கலாம், வரவில்லை.

புது அம்புகளில் சத்தத்தைக் கரகரப்பாக்கத் தனியாக ஒரு குமிழ் இருக்கும். மாமாவின் அம்பில் அது இல்லை. வொலியூம், ட்ரெபிள், பேஸ், அவ்வளவுதான். இந்த வகை அம்பைக் கரகரக்க வைக்க ஒரே வழி, அது மூச்சுத் திணறும்வரை வொலியூமைக் கூட்டுவது. ஒரு சனிக்கிழமை பின்னேரம், மனைவி மார்கிறட் தேவாலயப் பாடகர் குழுவின் கொயர் பயிற்சிக்குப் போன நேரம் பார்த்து, ஹெக்டர் குமிழை முழுதாகத் திருப்பி ஓர் அடி அடித்தார்.

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. தட்டில் அடுக்கி வைத்திருந்த பல் செட்டுகள் எல்லாம் குளிர்காய்ச்சல்காரர்களைப் போல ஒன்றோடொன்று கடகடவென்று அடித்துக்கொண்டன. யாரோ ஒரு மனிதருடைய மேல்வரிசை கீழே குதித்தது. பக்கத்து வீட்டு அஜந்தா ரீச்சர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார்.

"ஹெக்டர் அண்ணன், தண்ணி மோட்டர் பழுதாப் போச்சா? எங்கட ஆளை அனுப்பவா?"

"இல்ல ரீச்சர், சொறி, நான் கிற்றார் வாசிச்சனான்."

"ஓ" என்றார் ரீச்சர். நம்பவில்லை.

இவ்வளவு சேதத்துக்குப் பிறகும் வந்தது மெட்டல் இல்லை. அம்ப் கோபப்படவில்லை, அதற்குத் தொண்டைதான் கட்டியிருந்தது. விஷயத்தைக் கேள்விப்பட்ட மார்கிறட் வொலியூம் குமிழில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டார். அது அவர் போட்ட எல்லைக்கோடு. கோடு இருந்ததோ கால்வாசியில்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு பெடல் வந்தது. கிற்றாருக்கும் அம்புக்கும் நடுவில் வைத்துக் காலால் மிதித்தால் சத்தம் முரடாகும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். ஹெக்டர் அதிலிருந்த குமிழ்கள் எல்லாவற்றையும் முழுதாகத் திருப்பினார். தகரப் பேணிக்குள் குளவி அடைத்தது போல ஒரு இரைச்சல் வந்தது. அடுத்ததாக, மெட்டல்காரர்களின் ஸ்பீக்கர் பெட்டிகள் பின்பக்கம் மூடியிருக்கும், அதனால்தான் சத்தம் நெஞ்சில் குத்துகிறது என்று எங்கோ படித்தார். மாமாவின் அம்போ பின்பக்கம் திறந்தது. ஒட்டுப்பலகை வெட்டி ஒரு துளி இடைவெளியில்லாமல் ஆணியடித்து மூடினார். பொய்ப்பல் செய்கிறவரின் கை அல்லவா, காற்றுக்கூடப் போகாது. காற்றுப் போகாததால் உள்ளே எரிந்த வால்வுகளின் சூடும் வெளியே வரவில்லை. மார்கிறட் "ஏதோ கருகுது!" என்று குசினிக்கு ஓடி, அடுப்பில் கொதித்த ஆணத்தைத் திறந்து பார்த்தார். ஆணம் நன்றாகத்தான் இருந்தது. கருகியது அம்ப்.

நல்லவேளை, ஒரு வயர்தான் போயிருந்தது. ஹெக்டர் அதை மாற்றினார். பலகையின் மேல்பாதியை அறுத்தெடுத்தார். கொஞ்ச நாள் கிற்றாரைத் தொடவில்லை. அந்த நாட்களில் அவர் செய்த பல் செட்டுகளைப் போட்டவர்கள் சிரிக்கும்போதுகூடக் கொஞ்சம் கவலையாகத் தெரிந்தார்கள் என்று நான் சொல்லுவேன். அவர் அதை மறுப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஓட்டமாவடி உசனார் நானா தன்னுடைய பல் செட்டை இறுக்கிக்கொள்ள வந்தார். அவருக்கு அங்கே ஒரு நெல் ஆலை இருக்கிறது. மூலையில் சும்மா கிடந்த அம்பைக் கண்டு விசாரித்தார். ஹெக்டர் கதையைச் சொன்னார்.

"சத்தம்தானே தம்பி பிரச்சின? என்ட மில்லுக்கு வாங்க. மெசின் ஓடக்குள்ள பக்கத்தில நிண்டு கூப்பிட்டாலும் ஒருத்தனுக்கும் கேக்கா. நீங்க குண்டு போட்டாலும் கேக்கா."

அப்படியே ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிய, அரிசி இறக்கிவிட்டுத் திரும்பும் நானாவின் லொறியில் அம்பையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஹெக்டர் ஓட்டமாவடிக்குப் போவார். தவிட்டுத் தூசிக்குள், மூட்டைகளுக்கு நடுவில், வொலியூமை சிவப்புக் கோட்டைத் தாண்டி முழுதாகத் திறந்துவிட்டு வாசிப்பார். ஆலையின் இரைச்சலில் நான் ட்ரம் அடிப்பது எனக்கே கேட்காது. அதனால் நான் மிக நன்றாக வாசிப்பதாக நினைத்துக்கொண்டேன்.

சத்தம் இப்போது கொஞ்சம் மாறியிருந்தது. முரட்டுத்தனம் வந்துவிட்டது. ஆனால் வேகமாக வாசித்தால் எல்லாம் ஒன்றாய்க் குழைந்து போகும். தனித்தனியாக வெட்டி விழவேண்டிய அடிகள் களிபோல ஒட்டிக்கொள்ளும். மெசினை நிறுத்திவிட்டு உசனார் நானா ஒருமுறை உட்கார்ந்து கேட்டார்.

"என்ட பழைய லொறி பாலத்தில ஏறக்குள்ள இப்படித்தான் முக்கும்" என்றார். "கியர மாத்திப் பாருங்களன்."

கியர் இல்லை என்று ஹெக்டர் மிகவும் பணிவாக விளக்கினார்.

ஞாயிறு தோறும் மனிதர் எங்கே போய்த் தலையெல்லாம் தவிடாக வருகிறார் என்று பார்க்க, ஒரு கிழமை மார்கிறட்டும் லொறியில் ஏறினார். நெல் மூட்டை ஒன்றில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க, வாசிங்க பாப்பம்" என்றார். உசனார் நானா மெசினை நிறுத்த, ஹெக்டர் கிற்றாரைத் தூக்கினார். வாசித்தார். மார்கிறட் முதலில் ஒரு காதைப் பொத்தினார். பிறகு அந்தக் கையை எடுத்துவிட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். மார்கிறட் மெதடிஸ்த தேவாலயக் கொயரைக் கனகாலமாக நடத்துகிறவர். கேட்பது அவருக்குத் தொழில் மாதிரி.

"இஞ்சேருங்க, உங்கட பேஸ்காரர் கூடிப்போனாங்க" என்றார்.

"என்ன பேஸ்காரர்?"

"கொயரில அடிக்குரல்காரர் எல்லாரும் நெஞ்சை நிமித்திக்கொண்டு பாடினா என்ன நடக்கும்? பாட்டில ஒரு சொல்லு விளங்காது. நான் என்ன செய்வன்? அவங்களை முதல்லயே அடக்கி வைச்சிட்டு, நடுக்குரலை முன்னுக்கு விடுவன். அப்பதான் எல்லாரும் சேந்து கத்தினாலும் சொல்லு சொல்லா விழும். இது எல்லாம் கத்தி முடிஞ்ச பிறகு அடக்கப் பாக்கிற மாதிரி இரிக்கி."

ஹெக்டர் மனைவியைப் பார்த்தார். அம்பைப் பார்த்தார். கனமான சத்தம் வேண்டும் என்றால் பேஸை முழுதாகத் திறக்க வேண்டும் என்றுதான் அவர் இத்தனை நாளும் நம்பியிருந்தார். இப்போது குனிந்து பேஸ் குமிழை அடியோடு மூடினார். பிறகு ஏதோ யோசித்து, கிற்றார் பையின் அடியில் எறிந்து வைத்திருந்த கொழும்புப் பெடலைத் தூசி தட்டி எடுத்துக் கொழுவினார். இந்த முறை அதன் கரகரப்புக் குமிழை ஏறத்தாழ மூடிவிட்டு, அதன் வொலியூமை மட்டும் முழுதாகக் கூட்டினார். பெடல் தானாகக் கத்தத் தேவையில்லை. பின்னால் நின்று அம்பைப் பிடித்துத் தள்ளினால் போதும். உள்ளங்கையின் ஓரத்தால் தந்திகளின் அடிமுனையை அழுத்திக்கொண்டு வாசித்தார்.

ஒவ்வொரு அடியும் கோடரி மரத்தில் இறங்குவது போலத் தனித்தனியாக விழுந்தது. குமிழில் அடக்கி வைத்த கனம், பாதி மூடிய பெட்டியின் அடியிலிருந்து தன்பாட்டில் திரும்பி வந்து நெஞ்சில் இடித்தது. கூரையிலிருந்த புறாக்கள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பிப் போயின. ஹெக்டர் வாசிப்பதை நிறுத்தவில்லை. அவர் கண்ணால் தண்ணீர் வந்தது. தவிடு விழுந்தது என்று பிறகு சொன்னார்.

"இப்ப சொல்லு விளங்குது" என்றார் மார்கிறட். "பாட்டு எனக்குப் பிடிக்கயில்ல. ஆனா விளங்குது."

ஆனாலும் அந்த வருடம் தேவாலய மண்டபத்தில் நடந்த கொயர் இசைமாலையின் நிகழ்ச்சி நிரலில், அவரேதான் 'தனிக் கிற்றார் இசை: ஹெக்டர்' என்று சேர்த்தார். என்னையும் ட்ரம்மோடு வரச்சொன்னார். சபையார் ஏதோ ஞானப்பாட்டு வரப்போகிறது என்று கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹெக்டர் வெள்ளைச் சேட்டோடு மேடையில் ஏறி, "கொஞ்சம் சத்தமா இரிக்கும், மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார்.

முன்வரிசை நாற்காலிகள் தாமாகவே ஓர் அங்குலம் பின்னுக்குப் போனதைக் கண்டேன். மண்டபத்தின் மின்வேலைகளைப் பார்க்கும் உதயரூபன், அம்ப் வெடிக்கப்போகிறது என்று எண்ணி மெயின் சுவிச்சை நோக்கிப் பாய்ந்தான். கொயர் பக்கத்தில் நின்ற மார்கிறட் உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கினார். கொயரை உட்காரச் சொல்லும் அதே சைகை. உதயரூபன் ஓடிய ஓட்டத்திலேயே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஹெக்டர் ஒன்றையும் காணவில்லை. அவர் முகத்தை அப்படி நான் முன்னர் பார்த்ததில்லை. மிகவும் சாந்தமாக இருந்தது.

முடிந்ததும் மரியாதையான கைதட்டல். தேநீர் நேரத்தில் அனேகமானோர் ஹெக்டரின் தோளைத் தொட்டு, "அம்ப் பழுதாப் போச்சு, பாவம், எண்டாலும் சமாளிச்சிட்டீங்க" என்று ஆறுதல் சொன்னார்கள். ஹெக்டர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்.

கடைசியாக ஓய்வுபெற்ற போதகர் ஐயா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அவருக்குக் காது கேட்பதில்லை. மாட்டியிருந்த கருவியும் பேருக்குத்தான்.

"மகன், கனகாலமா எனக்குப் பாட்டு எண்டா ஆக்கள் வாயை அசைக்கிறதுதான்" என்றார். "இண்டைக்கு நெஞ்சுக்குள்ள கேட்டுது. இது என்ன பாட்டு?"

மார்கிறட் ஐயாவின் காதுக்குக் கிட்டப் போய், "ஹெவி மெட்டல், ஐயா!" என்று கத்தினார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நல்ல பேர்" என்றார் ஐயா.

இப்போது மண்டபம் வெறுமையாக இருக்கும் பின்னேரங்களில் ஹெக்டரும் நானும் அங்கேதான் வாசித்துப் பழகுகிறோம். போதகர் ஐயா அம்புக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பெட்டியின் மேல் ஒரு கையை விரித்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். போன கிழமை ஒரு பாட்டின் நடுவில் நாங்கள் கொஞ்சம் மெதுவாக வாசித்தோம். அவர் கண்ணைத் திறந்து, "ஏன் நிப்பாட்டிப்போட்டீங்க?" என்று கேட்டார்.