அண்ணையின் பச்சைச் சப்பாத்து

என் கார்க் கொட்டிலில் ஒரு சோடி பச்சை றப்பர் சப்பாத்து இருக்கிறது. எனக்கு இரண்டு அளவு பெரியது. எறிந்துவிடும்படி மனைவி பல தடவை சொல்லிவிட்டாள். அது டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்துக்கு வெளியே இருந்த அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த அண்ணையுடையது. கூடப் பிறந்தவர் அல்ல. ஊரில் வெங்காயத் தோட்டம் செய்தவர். மனைவியையும் மகளையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவர்.

முகாமில் சாப்பாடு தந்தார்கள், கட்டில் தந்தார்கள், கைச்செலவுக்கும் தந்தார்கள். உழைக்க மட்டும் விடவில்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டும், அதுதான் சட்டம். விடிய எழும்பித் தோட்டத்துக்கு இறைத்துப் பழகிய மனிதர் யன்னலோரம் இருந்து பக்கத்து வயலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் போய், அங்கே உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்த டேனிஷ் கிழவரோடு தானும் இறங்கிவிட்டார். ஊரில் அயலவனுக்குக் கை கொடுப்பதுபோலத்தான். கூலி கேட்கவுமில்லை, வாங்கவுமில்லை. அவருடைய நனைந்த கால்களைப் பார்த்துவிட்டுக் கிழவர் இந்தச் சப்பாத்தைக் கொடுத்தார். அன்றைக்குத்தான் அண்ணை சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தேன்.

அகதி விண்ணப்பத்துக்காகப் பொலிஸ் நடத்தும் விசாரணைக்குப் போகும் முன் என்னிடம் கேட்டார். "தம்பி, பகலில என்ன செய்யிறனீர் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?"

"சும்மா இருக்கிறன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. சோம்பேறி எண்டு நினைப்பாங்கள். தோட்டத்தில வேலை செய்யிறதைச் சொல்லுங்கோ."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நாலு வார்த்தை ஆங்கிலம் தெரிந்த திமிர். கூலி வாங்காததையும் சட்டம் வேலையாக எடுக்கும் என்று தோன்றவில்லை. சம்பந்தம் பேச வந்தவர்களிடம் சொல்வதுபோல, ஆள் நல்ல உழைப்பாளி என்று தெரிந்தால் போதும் என்று இருவருமே நினைத்தோம். அண்ணை நிமிர்ந்திருந்து சொன்னாராம். அதிகாரி அதை எழுதிக்கொண்டு, அனுமதியில்லாமல் வேலை செய்வது குற்றம் என்று எச்சரித்து அனுப்பினார்.

என்றாலும் அவருக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்தது. உடனே மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்தார். சட்டப்படி அது அவருடைய உரிமை. மாதக்கணக்காகப் பதில் இல்லை. விசாரணையில் சொன்ன அந்த ஒரு வசனம்தான் மறித்துக்கொண்டு நிற்கிறது என்று அண்ணை முடிவு கட்டிவிட்டார். மனைவிக்கும் அப்படியே எழுதினார், எல்லாம் தன் பிழை என்று. சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்; பிறகு போடவேயில்லை. என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

காத்திருந்த காலத்தில் ஊரில், வீட்டு வளவில் விழுந்த ஷெல்லில் மனைவி செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் அனுமதிக் கடிதம் வந்தது, இரண்டு பேரின் பெயரோடும். விமானத்திலிருந்து மகள் மட்டும் இறங்கினாள்.

பிறகு எல்லாம் பத்திரிகையில் வந்தது. தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை மேலிடத்து உத்தரவின்படி, சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட்டு வைத்திருந்தார்களாம். யார் என்ன சொன்னார் என்று எவரும் பார்க்கவேயில்லை. தமிழ் வழக்கு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், அரசாங்கமே கவிழ்ந்தது. நான் அண்ணையின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினேன்.

"அப்ப அது என்ர வாயால இல்லையோ?" என்றார்.

"இல்லை அண்ணை."

பத்திரிகையை வாங்கி மடித்து மேசையில் வைத்தார். "என்ர பிழை எண்டு அவளுக்கு நான் எழுதிப்போட்டனே."

இப்போது நான் நகரசபையில் புதிதாக வருகிறவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கிறேன். போன மாதம் போருக்குத் தப்பி வந்த ஒரு பெண்ணுக்கு, அவர்களுக்கென்று போட்ட தனிச் சட்டப்படி, சில வாரங்களிலேயே வேலை அனுமதி கிடைத்தது. நல்லது, கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் அவளுக்குக் கைகொடுத்து வாழ்த்தும்போது என் வாய் கசந்தது.

அண்ணையின் செத்தவீடு முடிந்த கிழமை, மகள் சப்பாத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர் மாமா. ஏனெண்டு சொல்லேல்லை."

எனக்கும் தெரியாது என்று சொல்லி வாங்கி வைத்தேன்.