அக்காவுக்குக் குறைந்த ஒரு பாடம்

கனடாவில், மல்வேர்னில் நாங்கள் இருந்த கட்டடத்துக்குப் பதினாறு மாடி. அதில் குடியிருந்த தமிழ்ச் சனத்தின் பல்வலி, வாடகைச் சண்டை, குடிவரவுக் கடிதம் எல்லாம் என் வாய்க்குள்ளால்தான் ஆங்கிலமாகிப் போயின. அப்போது எனக்குப் பதினொரு வயது. ஊரில் பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட டொக்டரிடம் போகும்போது எங்கள் கதவைத்தான் வந்து தட்டினார்கள். பிறகு நான் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மறைக்க என்ன இருக்கிறது? இன்று ஸ்காபரோவில் மூன்று டேக் அவுட் சாப்பாட்டுக் கடை என் பெயரில் ஓடுகிறது. கடைப் பத்திரம் எழுதிய வக்கீலுக்கே இரண்டு இடத்தில் பிழை பிடித்துக் கொடுத்தவள் நான். ஆனால் என் கெட்டித்தனத்தின் முதல் பெரிய வேலை கடையில் நடக்கவில்லை. அக்காவின் பள்ளிக்கூடத்தில், ஒரு சின்ன அறைக்குள் நடந்தது.

அக்காவுக்குப் பதினேழு வயது. எண்ணூறு மீற்றர் ஓடுவாள். கடைசி வளைவு வரை மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வருவாள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்தும் அவர்களால் ஒன்றும் செய்யமுடியாது. அந்த வருடம் அமெரிக்காவில் ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. தங்களுக்காக ஓடினால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தாங்களே பார்ப்பதாக எழுதியிருந்தார்கள். அக்கா அந்தக் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்துப் படுத்தாள். அதே தலையணையில்தான் நானும் படுத்தேன். அவள் திரும்பும்போதெல்லாம் என் காதுக்குள் அமெரிக்கா சரசரக்கும்.

காலில் வேகம் இருந்தால் மட்டும் போதாதாம். இன்ன இன்ன பாடம், இன்ன தரத்தில் படித்திருந்தால்தான் அங்கே களத்தில் இறங்க விடுவார்கள். நாங்கள் கனடாவுக்கு வந்து நாலு வருடம். வந்த புதிதில் அக்காவைப் போட்ட வகுப்பு, புதிதாய் வந்தவர்களுக்கு ஆங்கிலம் பழக்கும் வகுப்பு. அதில் அவள் நல்ல புள்ளி எடுத்திருந்தாள். அமெரிக்காக்காரர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இதைப் பேசத்தான் பள்ளிக்கூட ஆலோசகர், ஒரு வெள்ளைக்கார மிஸ், அம்மாவை வரச்சொல்லியிருந்தார்.

அக்காவே மொழிபெயர்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. எங்கள் மாடியில் இருந்த ஒரு பெடியனை வகுப்பில் இன்னொருவனோடு அடிபட்டதற்காக மூன்று நாள் வரவேண்டாம் என்று நிறுத்தினார்கள். அவன் அதைத் தாய்க்கு, "நல்ல பிள்ளையெண்டு மூண்டு நாள் லீவு தருகினமம்மா" என்று மொழிபெயர்த்தான். மனுசி அடுத்த நாள் அதிபருக்கு ஒரு சட்டி உழுந்துவடை கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றிலிருந்து எந்தப் பிள்ளையும் தன் வழக்கில் தானே பேசக்கூடாது என்று பள்ளிக்கூடம் சட்டம் போட்டுவிட்டது. ஆகவே, அப்பாவி என்று நம்பி, தங்கச்சியான என்னைக் கூப்பிட்டார்கள்.

அப்பா அப்போது கொழும்பில், எங்களிடம் வருவதற்கான விசாவுக்குக் காத்திருந்தார். அம்மா பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நானும் அக்காவும் எப்போதோ முடிவுகட்டியிருந்தோம். அம்மாவும் மறுத்ததில்லை. பக்கத்தில் நின்று வேலைசெய்த ஜமேக்கா அன்ரியோடும் பிலிப்பினோ அன்ரியோடும் நாலு வருடமாக எந்தப் பாஷையில் சிரித்தார் என்று நாங்கள் கேட்டதுமில்லை.

அன்றைக்கு அக்கா வேறு பள்ளிக்கூடத்தில் போட்டிக்குப் போயிருந்தாள். அந்த மிஸ் மேசையில் ஒரு படிவத்தை வைத்து ஆறுதலாக விளங்கப்படுத்தினார். ஒரே ஓர் ஆங்கிலப் பாடம்தான் குறைகிறது. கோடை விடுமுறையில் ஆறு கிழமை படித்தால் சரிவந்துவிடும். பதினெட்டு வயது நிரம்பாதபடியால் தாயின் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இடம் கிடைக்காது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்காவுக்கு ஒரு பாடம் குறையுதாம். இனி ஒண்டும் செய்யேலாதாம்" என்றேன்.

"ஒண்டுமே ஏலாதாமோ? வடிவாய்க் கேள் பிள்ளை. எங்கை கையெழுத்து வைக்கவேணுமெண்டாலும் நான் வைக்கிறன்."

நான் மிஸ்ஸின் பக்கம் திரும்பி, தெளிந்த ஆங்கிலத்தில், எங்கள் ஆட்கள் பெண்பிள்ளைகளைத் தனியே தூர இடத்துக்கு அனுப்புவதில்லை, அம்மா கையெழுத்து வைக்கமாட்டார் என்று சொன்னேன். இன்னும் இரண்டு வசனம் கைவசம் வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அவர் தலையை ஒரு பக்கம் சரித்து, தனக்கு விளங்குகிறது என்றார். மனம் மாறினால் கொண்டுவரச் சொல்லிப் படிவத்தை ஒரு உறையில் போட்டு என்னிடம் தந்தார். அந்தப் பொய் அவ்வளவு லேசாக விலைப்பட்டது என் திறமையால் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

அம்மா எழுந்து, என் ஜக்கற்றின் சிப்பைக் கழுத்து வரை இழுத்து மூடிவிட்டார். மே மாதம். குளிர் இல்லை.

அடுத்த நாள் மிஸ் அக்காவைக் கூப்பிட்டுக் கதைத்திருக்கிறார். அக்கா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கள் விடமாட்டியளெண்டு எனக்கு முந்தியே தெரியும்" என்றாள். "என்னட்டைச் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்திலை போய் ஏன் சொன்னனீங்கள்?"

அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் என் கோப்பையைப் பார்த்தேன். அம்மா வாயை மூடிக்கொண்டு புட்டை அகப்பையால் உதிர்க்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே உதிர்ந்துதான் இருந்தது.

அன்றும் அடுத்த நாளும் அக்கா அம்மாவோடு கதைக்கவில்லை. அம்மா போட்டுக்கொடுத்த தேத்தண்ணி மேசையில் ஆறி ஆடை கட்டியது. அம்மா அதை எடுத்து ஊற்றிவிட்டு, கொஞ்சம் கழித்து இன்னொன்று போட்டு வைப்பார். ஊர்ச் சனத்தின் வழக்கெல்லாம் பேசித் தீர்த்த எனக்கு, அந்தத் தேத்தண்ணியைப் பார்க்க முடியவில்லை.

வியாழன் பின்னேரம் மைதானத்தில் அக்காவின் ஜக்கற்றை வைத்துக்கொண்டு இருந்தேன். எப்போதும் இரண்டு சுற்றோடு நிற்பவள், அன்று ஏழு, எட்டு என்று ஓடிக்கொண்டே இருந்தாள். ஒன்பதாவது சுற்றில் என்னைக் கடந்தபோது, "அம்மா இல்லை, நான்தான் சொன்னனான்!" என்று கத்தினேன். அவள் இருபது அடி தள்ளிப் போய்த்தான் நின்றாள். திரும்பி நடந்து வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்கு என்ன விசரோடி? என்னத்துக்கு உந்த வேலை பார்த்தனீ?"

"நீ போனா நான் ஆரோடை படுக்கிறது?"

அக்கா இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். அடிக்கப்போகிறாள் என்று தலையைக் குனிந்தேன். அவள் புல்லில் எனக்குப் பக்கத்தில் தொப்பென்று இருந்து, வேர்வைத் தலையை என் தோளில் சாய்த்தாள்.

"தலையணையை உன்னட்டை விட்டிட்டுப் போறன்" என்றாள். பிறகு, "இப்ப போய் அம்மாவிட்டை உண்மையைச் சொல்லிக் கையெழுத்து வாங்கு. நான் வெளியிலை நிக்கிறன்."

உண்மையைச் சொல்வதா? பதினாறு மாடிக்கும் மொழிபெயர்த்தவள் நான். அந்தப் பெயர் என்னாவது? படிவத்தைக் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் நீட்டினேன்.

"உதிலை ஒரு கையெழுத்து வேணும் அம்மா. எங்கடை வகுப்பிலை பயணம் போகினம்."

"எங்கை?"

"மிருகக்காட்சிசாலைக்கு."

"எத்தினை நாள்?"

படிவத்தில் இருந்த திகதிகள் கண்ணில் பட்டன. "ஆறு கிழமை" என்றேன்.

"ஆறு கிழமையும் மிருகக்காட்சிசாலையிலையோ?"

"ஓம். அங்கை கனக்க மிருகங்கள்."

அம்மா சிரிக்கவில்லை. "மத்தியானச் சாப்பாடு கட்டவேணுமோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

வழக்கமாகப் பள்ளிக்கூடப் படிவங்களைக் குளிர்சாதனப் பெட்டியில் சாய்த்து வைத்து, நின்றபடியே கீறித் தருவார். அன்று கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேசையில் இருந்தார். மேலே அக்காவின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதது என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்து வைத்து என்னிடம் தந்தார்.

வெளியே நின்ற அக்காவிடம் கொடுத்தேன். நான் உண்மையைச் சொல்லித்தான் வாங்கினேன் என்று அவள் நம்பினாள். நேரே உள்ளே போய், மேசையில் ஆறிக் கிடந்த தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

அக்கா அந்தப் பாடத்தில் எண்பத்தொரு புள்ளி எடுத்தாள். போனாள், ஓடினாள், படித்தாள். இன்று அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில், விழுந்து எழும்பியவர்களுக்கு நடக்கப் பழக்குகிறாள்.

அந்தக் கோடையில் வகுப்புத் தொடங்கிய முதல் நாள் காலை எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அக்கா கதவடியில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிறு கட்டினாள். அம்மா இரவு வேலையால் வந்த உடுப்போடேயே இடியப்பமும் சம்பலும் ஒரு பெட்டியில் அடைத்து, மூடியை இரண்டு தரம் அமத்திப் பார்த்தார். "பஸ்ஸிலை சரிச்சுப்போடாதை பிள்ளை" என்று அக்காவின் கையில் கொடுத்தார். ஒரு பெட்டிதான். மிருகக்காட்சிசாலைக்குப் போகவேண்டிய நான் படுத்த உடுப்போடு நின்று கையசைத்தேன். என் சாப்பாடு எங்கே என்று கேட்கவேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை. இரண்டு பெரிய ஆட்களை ஏமாற்றிவிட்ட பெருமையோடு திரும்பிப் போய், படுக்கையில் அக்கா படுத்து எழும்பிய, இன்னும் சூடு ஆறாத பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.